பதினொன்று

முதுநகர்த் துறைமுகத்தில் கூண்டு ஏறிவிட்டால்
மீன் வாங்க வந்தவர்கூட
எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவார்.
ஒன்று: எங்கோ தொலைவில் ஏதோ சுழல்கிறது.
மூன்று: படகை இழுத்துக் கட்டு.
யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மஞ்சக்குப்பத்தில், கடன் கம்பெனி மாடிப்படி ஓரம்
எங்களுக்கு பர்னபாஸ் இருந்தான்.
துறைமுகத்தில் தினக்கூலியாய் இருந்துவிட்டு
செக்யூரிட்டி சட்டைக்கு வந்தவன்.
ரீஜினல் மேனேஜரின் கார்
புதுச்சேரியில் கிளம்பி, முள்ளோடை, ரெட்டிச்சாவடி தாண்டி,
பெண்ணையாற்றுப் பாலம் இறங்கி வந்து நிற்கும்.
கார்க் கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே
கண்ணாடிக்கு வெளியிலிருந்து விரல் காட்டுவான்.
மூன்று. ஐந்து.
இரண்டு கையையும் தூக்கினால்
ஹபீபுல்லா குடிக்காத டீயை
மேசைக்கடியில் வைத்துவிடுவார்.

ரிவ்யூ அறையில் நாற்காலி உண்டு.
டார்கெட் தொடாதவர் நிற்க வேண்டும்,
தொட்டவர் கைதட்ட வேண்டும்.
ஜெயகௌரி இரண்டு மணி நேரம் நின்றாள்,
ஐந்தாம் மாதம்.
யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.
என் முழங்கையிலிருந்து
ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது அது.

இளம்பரிதி ஆலப்பாக்கம் வளைவில் வண்டியோடு விழுந்தான்.
மண்டல குரூப்பில் போட்டோ போட்டான்,
உடைந்த பல், கையில் கட்டு.
பதில் வந்தது:
"கிலோமீட்டர் தெரியற மாதிரி வண்டியை எடுத்து அனுப்புங்க."
அதற்குக் கீழே பதினான்கு கட்டைவிரல்.
ஒன்று என்னுடையது.
பழக்கத்தில் அழுத்திவிட்டேன்.
எடுப்பதற்குள் அவன் பார்த்திருந்தான்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்.
அவர் பிறந்தநாளுக்குக் குடும்பத்தில் தலைக்கு முந்நூறு.
கேக்கில் பெயர் ஒரு எழுத்து விட்டுப்போனதற்கு
குடும்பத்தில் ஒருவருக்கு வேதாரண்யம் மாறுதல்.

ஐப்பசிக் கடைசியில்
ஹெட் ஆபீஸிலிருந்து போனுக்கு ஒரு படிவம் வந்தது:
ஊழியர் மனநிறைவு ஆய்வு.
பெயர் வேண்டாம், எல்லாம் ரகசியம்; இது முதல் வரி.
ஊழியர் எண்ணை நிரப்பவும்; இது இரண்டாம் வரி.
உங்கள் மண்டலத் தலைமைக்கு
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு தருவீர்கள்?
அரை மணியில் புதுச்சேரியிலிருந்து குரல்:
"எல்லாரும் பத்து.
ஒன்பது போட்டது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை.
தேவனாம்பட்டினம் பக்கத்துக் காற்று
ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.
துறைமுகத்தில் மூன்று ஏற்றியிருக்கிறார்கள் என்றார்கள்.
எங்களுக்கு வசூலுக்குப் போகச் சொல்லி உத்தரவு:
"மழையிலதான் ஆள் வீட்ல இருப்பான்."

ஆறு பேர் பத்தைப் போட்டு அனுப்பியாயிற்று.
நான் தட்டிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன்.
பர்னபாஸ் காண்ட்ராக்ட், அவனுக்குப் படிவம் கிடையாது.
சொட்டச் சொட்ட வந்து எட்டிப் பார்த்தான்.
"பத்தா?" என்றான். "ஏழு பேருமா?"
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"பத்து ஏத்தினா ஊரையே காலி பண்ணணும், மேடம்."

அதற்கு மேலும் ஒன்று உண்டாம். பதினொன்று.
காற்று எவ்வளவு, மழை எவ்வளவு
எதுவும் சொல்லாது அது.
சேதி சொல்லுகிற இடத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது,
அவ்வளவுதான் அதற்குப் பொருள்.
ஏற்றி அவன் பார்த்ததில்லை.
யாரோ சொல்லக் கேட்டது.

பத்தை அழித்துவிட்டு
ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று தட்டினேன்.
கட்டம் சிவந்தது, ஏற்கவில்லை.
மறுபடி தட்டினேன். மறுபடி சிவப்பு.
குரூப்பில் ஒரு வரி வந்து விழுந்தது:
"மஞ்சக்குப்பம் ஆறுதான் வந்திருக்கு. ஏழாவது யாரு?"

போன் அடிக்கத் தொடங்கியது.
புதுச்சேரி.
ரெயின்கோட்டின் பித்தான்களை
ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.
பர்னபாஸ் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.
பாதி தூக்கிய கைகளை
என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.